பெண்கள் கையில் எழுத்தும் இயந்திரமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



பெண் கல்வியைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் கல்வியின் பெருமையை விரித்துரைத்து, கைதட்டலோடு இறங்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கல்வி வேண்டாம் என்பவர் இக்கூட்டத்தில் ஒருவரும் இரார். ஆகையால் அந்தப் பகுதியை நாம் விட்டுவிடுகிறோம். நம் முன்னிருக்கும் கேள்வி சற்றுக் குறுகலானது. வயது வந்த கிராமத்துப் பெண் ஒருத்தி எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு அந்த எழுத்தை எங்கே செலவிடுகிறாள்? ஊருக்குப் புதிய கருவியொன்று வரும்போது அதன் கைப்பிடி யார் கைக்குப் போகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், பெண்களின் முன்னேற்றத்திற்கும் ஊரின் நிலைத்த வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு தானே விளங்கும்.

தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு தனி மாவட்டமான அந்தப் பூமி ஆறு பாய்ந்து செழித்த பூமியன்று. ஏரி, கண்மாய்களையும் வானத்தையும் நம்பிய சீமை அது. பெண் கல்விக்கு அங்கே ஒரு பழைய கதையும் உண்டு. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், ஆண்களே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது ஊரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சமஸ்தானத்து மன்னர் அனுமதி அளித்த பின்னரே அவர் அங்கே படிக்க முடிந்தது. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர் அவர். ஆனால் ஒரு முத்துலட்சுமி படித்ததனால் அந்தச் சீமையின் கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் படித்தவர்களாகிவிடவில்லை. அதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கப்பெற்றது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு கண்டது. அதைப் பின்பற்றிப் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. ஊர்தோறும் மாலை வேளைகளில் வகுப்புக்கள் நடந்தன. கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கற்பித்தவர்களிலும் பெண்கள் ஏராளம். இவர்களில் விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், சத்துணவுப் பணியாளர், பாலவாடி ஆசிரியைகள், கல் பட்டை தீட்டுவோர் எனப் பல திறத்தாரும் இருந்தனர்.

இயக்கம் தொடங்கிச் சில காலத்திற்குள் எல்லோர் கண்ணிலும் பட்ட இடையூறு ஒன்றுண்டு. ஓர் ஊரில் கற்பிக்கும் பெண் மற்றோர் ஊருக்குப் போகவேண்டுமானால் யாரையாவது எதிர்பார்த்து நிற்கவேண்டியிருந்தது. பேருந்து நாளைக்கு இருமுறை வரும். சில ஊர்களுக்கு அதுவும் வராது. தகப்பனாரோ, தமையனோ, கணவரோ சைக்கிளின் பின்னால் ஏற்றிச் சென்றால்தான் உண்டு. அவருக்கு ஒழிவில்லாத அன்று வகுப்பும் இல்லை. எழுத்தறிவைப் பரப்புவதற்கு முதலில் இரண்டு சக்கரங்கள் வேண்டியிருந்தன.

அந்நாளில் மாவட்டக் கலெக்டராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மிதிவண்டிப் பயிற்சியை அறிவொளிப் பாடத்தின் ஓர் அங்கமாகவே ஆக்கினார். இயக்கத்துப் பெண்கள் வண்டி வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார். இந்தப் பயிற்சியில் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொட்டல் வெளிகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, விழுந்தும் எழுந்தும், ஒருத்தி பின்னிருக்கையைப் பிடித்துக்கொள்ள மற்றொருத்தி மிதித்தாள். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. வசைமொழிகளையும் அப்பெண்கள் கேட்டுக்கொண்டுதான் பழகினார்கள். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தமது 1996-ஆம் ஆண்டு நூலில் விவரித்திருக்கிறார். 1992-இலேயே புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பெற்றது.

ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெண்களுக்கென்று செய்த சைக்கிள்கள் அப்போது கடைகளில் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். வேறு வழியின்றி வாங்கினாலும், அதில் ஒரு வசதி இருப்பதையும் கண்டுகொண்டார்கள். இருக்கையிலிருந்து கைப்பிடி வரை ஓடும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடத்தையோ விளைபொருளையோ கட்டலாம். வண்டியைச் செய்த தொழிற்சாலைக்காரர் நினையாத உபயோகம் அது. கருவியை உபயோகிப்பவர்தாம் அதன் முழுப் பயனை அறிவார் என்பதற்கு இதைவிட வேறு சான்று நாம் தேட வேண்டியதில்லை.

சைக்கிளினால் விளைந்தது என்ன? காலையில் பேருந்துக்காகக் காத்திருந்து இழந்த பொழுது மிஞ்சிற்று. கீரையும் காயும் விற்கும் பெண் ஓர் ஊருக்குப் பதில் மூன்று ஊர்களுக்குப் போய்வந்தாள். தண்ணீர் கொண்டுவரும் வேலை பாதி நேரத்தில் முடிந்தது. அவசரத்திற்கு மருத்துவமனைக்குப் போக ஒருவரையும் கெஞ்சவேண்டியதில்லை. இவையெல்லாம் கணக்கில் ஏறும் லாபங்கள். கணக்கில் ஏறாதது ஒன்றும் உண்டு. வீட்டிலிருப்போரின் அனுமதியையும் துணையையும் எதிர்பாராமல் ஒரு பெண் தன் வேலை நிமித்தம் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்ப முடிந்தது. அந்த மாவட்டத்துப் பெண்களிடம் பேசியவர்கள் அனைவரும் இதைத்தான் முதலில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இனிக் கல்குவாரியின் கதைக்கு வருவோம். மிதிவண்டியின் கதையைப்போல இது முழுதும் இனிப்பான கதை அன்று. அம்மாவட்டத்தில் கல்லுடைத்துப் பிழைத்த பெண்கள் குத்தகைக்காரரிடம் கூலிக்கு இருந்தவர்கள். எத்தனை பாரம் லாரி ஏறிற்று, அதற்கு என்ன விலை, தம் பற்றுக்கணக்கில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதொன்றும் அவர்களுக்குத் தெரியாது. அறிவொளி நாட்களில், ஊரகப் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகக் குவாரிகள் பலவற்றின் குத்தகை பெண்கள் குழுக்களுக்கே அளிக்கப்பட்டது. அப்பொழுதுதான் எழுத்தும் எண்ணும் எதற்கென்று அவர்களுக்கு விளங்கிற்று. பாரத்தை அவர்களே எண்ணினார்கள், ரசீது எழுதினார்கள், வங்கியில் கணக்கு வைத்தார்கள். கூலியாக வந்ததைக் காட்டிலும் வருமானம் பெருகிற்று.

ஆனால் சில ஆண்டுகளில் கலெக்டர் மாறினார். உத்தியோகஸ்தர்களின் ஊக்கமும் தளர்ந்தது. பழைய குத்தகைக்காரர்கள் உள்ளே வர வழி தேடினார்கள். பெண்கள் போராட வேண்டியதாயிற்று. மேலிருந்து வரும் ஆதரவை மட்டும் நம்பிய ஏற்பாடு, ஆதரவளித்தவர் இடம் மாறியதும் ஆட்டங்காணும். குத்தகைப் பத்திரத்தைப் பறிக்க முயலலாம். கற்றுக்கொண்ட கணக்கைப் பறிக்க முடியாது என்பது ஓர் ஆறுதல். ஆயினும் அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு அடுப்பெரிக்க முடியாதே! ஊராட்சி அன்று அப்பெண்களின் பக்கம் நிலையாக நின்றிருக்குமானால் விளைவு வேறாக இருந்திருக்கலாம் என்று நாம் கருதுகிறோம். எனினும் அக்காலத்தில் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல்களே முறையாக நடைபெறாதிருந்தன. புதிய ஊராட்சிச் சட்டம் 1994-இல்தான் வந்தது. தேர்தல் 1996-இல் நடந்தது.

சைக்கிள் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டையொட்டி ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் அது விரிவாக்கப்பட்டது. பீகார் மாநிலம் 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்க ரூ.2,000 கொடுத்தது. அதன் பலனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார அறிஞர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரை நாம் அனைவரும் கவனிக்கத்தக்கது. அத்திட்டத்தால் உரிய வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவிகிதம் பெருகிற்று என்றும், ஆண் பெண் வித்தியாசம் 40 சதவிகிதம் குறைந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமங்களில்தான் இப்பலன் மிகுதியாகக் காணப்பட்டது. பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது பெற்றோரின் மூட நம்பிக்கை என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் அதை நிறுத்தியது அந்த 3 கிலோமீட்டர் தூரமே. உங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், அந்த வழியில் விளக்கு உண்டா, மழைக்காலத்தில் ஓடை குறுக்கிடுகிறதா என்பதை ஊராட்சி உறுப்பினர் ஒருமுறை சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவருவது நலம்.

பள்ளிப்படிப்பிற்கு மேல் கல்லூரிக்கும் வழி திறந்திருக்கிறது. ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவ 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏற்பட்ட நிதியுதவித் திட்டம், 2022-இல் அவர் பெயராலேயே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அதைப் புதுமைப் பெண் திட்டம் என்றும் சொல்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 என்று அது 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிற்று. கல்யாணச் செலவுக்கென்று வைத்த பணத்தைப் படிப்புச் செலவுக்குத் திருப்பியதைக் குறை சொன்ன பெற்றோரும் உண்டு. நமக்கு அது சரியான திருப்பமாகவே படுகிறது.

இன்னும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களை மறந்துவிடலாகாது. 1991-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தோர் சுமார் 51 சதவிகிதம். ஆண்கள் சுமார் 74 சதவிகிதம். 2011-இல் பெண்கள் 73, ஆண்கள் 87. இருபது ஆண்டுகளில் இது பெரிய ஏற்றந்தான். ஆனாலும் 2011-இல்கூட நான்கு பெண்களில் ஒருத்தி எழுத்தறியாதவளாகவே இருந்தாள். அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில், வயல்களில் இருந்தார்கள். கற்ற எழுத்தும் உபயோகிக்காவிட்டால் துருப்பிடிக்கும். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர்களில் பலர், படிப்பதற்கு ஒன்றும் எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லாமற்போனதால், சில ஆண்டுகளில் திரும்பவும் கைநாட்டுக்குப் போனதை அக்காலத்துத் தொண்டர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகையால் வகுப்பு நடத்துவதோடு வேலை முடிந்துவிடவில்லை. எழுத்துக்கு ஊரிலே ஒரு வேலை கொடுக்கவேண்டும்.

அத்தகைய வேலைக்குப் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நல்ல மாதிரி நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கிற்று. இடத்தை ஊர் கொடுக்கவேண்டும். எந்தச் சாதியாரும் தடையின்றி வந்துபோகக்கூடிய பொதுவிடமாக அது இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எம்பலம் என்ற ஊரில் கோயிலின் ஒரு பகுதியிலேயே கணிப்பொறியை வைத்தார்கள். மையத்தை நடத்தியவர்கள் பெண்கள் குழுவினர். உரத்தின் விலை, சந்தை நிலவரம், கால்நடை நோய், அரசாங்க உதவித் திட்டங்கள், பெண்களின் உடல்நலம் முதலிய விவரங்களை ஊரார் வந்து கேட்டறிந்தார்கள். அதிகம் படிக்காத பெண்கள் தமிழில் தட்டச்சுச் செய்யவும், செய்தியைத் திரட்டவும் சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள்.

கடற்கரை ஊர்களில் அம்மையங்கள் அலையின் உயரத்தை முன்னறிந்து ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்துவந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்த காலையில் நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நடந்தது பலரும் அறிந்ததே. வெளிநாட்டில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் தொலைபேசியில் எச்சரித்தவுடன், மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே அப்புறப்படுத்தினார்கள். படகுகள் போயின; மக்கள் பிழைத்தார்கள். ஆபத்துக்கென்று தனியாக வாங்கி வைத்த கருவியாக அது இருந்திருந்தால் அன்று உறை பிரிக்கப்படாமலே கிடந்திருக்கும். தினந்தோறும் உபயோகித்த கருவியாதலால் அன்றும் பேசிற்று.

இதுவரை நாம் சொன்னவை யாவும் கருவி பெண்ணின் கைக்கு வந்த கதைகள். கருவி வந்ததும் பெண்ணின் கையிலிருந்த வேலையே போன கதையும் உண்டு. விவசாயிகள் நிறைந்த இக்கூட்டத்தில் அதைப் பேசாமல் போவது நேர்மையாகாது.

நெல் வயலில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் நெடுங்காலமாகப் பெண்களின் வேலை. இடுப்பொடியக் குனிந்து, சேற்றில் கால் புதைய, நாள் முழுவதும் செய்யும் வேலை அது. திருந்திய நெல் சாகுபடி வந்தபோது 14 நாள் இளநாற்றை, 25-க்கு 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக நடச் சொன்னார்கள். ஏக்கருக்கு 2 அல்லது 3 கிலோ விதை போதும். நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாட்களுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்டவேண்டும். களை அமிழ்ந்து உரமாகிறது, வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது, தண்ணீரும் மிச்சம். இது நல்ல முறை என்பதில் ஐயமில்லை. குனியாமல் நின்றுகொண்டே தள்ளும் கருவியாதலால் பெண்களுக்கு இது வரப்பிரசாதம் என்று எண்ணினோம்.

நடந்தது என்ன? பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டவர் நிலத்துச் சொந்தக்காரர், அவர் ஆண். கருவியைத் தள்ளிக் காட்டியவரும் ஆண். கனமான கருவி, சேற்றில் இழுக்க வலுவேண்டும் என்று சொல்லி, பல இடங்களில் களையெடுப்பு ஆண்களின் வேலையாகிவிட்டது. கூலியும் உயர்ந்த கூலியாகிவிட்டது. பெண்ணுக்கு இடுப்புவலி மிச்சமாயிற்று, கூலியும் மிச்சமாயிற்று, அதாவது நிலத்துக்காரருக்கு! எடை குறைந்த கருவியைத் தேடிக் கொடுத்து, பெண்கள் குழுவுக்கே பயிற்சியளித்த ஊர்களில் பெண்கள் அதைத் திறம்பட ஓட்டினார்கள். கருவியில் குறையில்லை; முகாமுக்கு யாருக்குச் சீட்டு அனுப்பினோம் என்பதில்தான் வித்தியாசம். நடவு இயந்திரத்திற்கும் இதுவே பொருந்தும். நாற்றங்கால் தட்டு தயாரித்துக் கொடுப்பதையும் இயந்திரத்தை வாடகைக்கு விடுவதையும் மகளிர் குழுவே ஏற்று நடத்துமானால், நடவு வேலையை இழந்தவர்கள் இயந்திரத்தின் சொந்தக்காரர்களாக ஆகிறார்கள்.

மத்திய அரசு 2023 நவம்பரில், 15,000 மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன்கள் வழங்குவதென்று ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. விலையில் 80 சதவிகிதம் வரை, ரூ.8 லட்சத்திற்கு மேற்படாமல், மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி என்று அப்போது அறிவித்தார்கள். வானத்தில் பறக்கும் யந்திரத்தைப் பெண் ஓட்டுவதைப் படத்தில் பார்க்க நமக்கும் மகிழ்ச்சிதான். பழுது பார்க்க எவ்வளவு தூரம் எடுத்துப் போகவேண்டும், மின்கலம் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும், ஒரு போகத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று குழுவினர் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைத் தாங்களே போடத் தெரிந்த குழு நஷ்டப்படாது.

இனி ஊராட்சிக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, ஆடவர்க்குக் கிராம சேவகரும் பெண்களுக்குக் கிராம சேவிகையும் நியமிக்கப்பட்டனர். சேவகர் இரும்புக் கலப்பை, உரம், விதை பற்றிப் பேசினார். சேவிகை தையல், புகையில்லா அடுப்பு, குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசினார். அடுப்பும் அவசியந்தான். ஆனால் வயலில் பாதி வேலை செய்பவளிடம் வயலைப் பற்றிப் பேச ஒருவரும் வரவில்லை. அந்தப் பிரிவினை பிற்காலத்தில் காகிதத்தில் மறைந்தது. பழக்கத்தில் எளிதில் மறையவில்லை.

இந்நாளில் பெண்ணே ஊராட்சித் தலைவராகவும் இருக்கிறார். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் நடந்த ஊரகத் தேர்தல்கள் அந்தப் பாதியின்படியே நடந்தன. ஆயினும் தலைவர் நாற்காலியில் அவர் கணவர் அமர்ந்திருக்கும் அலுவலகங்களை நாம் பார்த்திருக்கிறோம். இதைக் கேட்டு இங்கே சிலர் சிரிக்கிறீர்கள்; சிரிக்கத் தகுந்ததுதான், ஆனால் சிரிப்போடு போகத் தகுந்ததன்று. காசோலையில் கையெழுத்து அவருடையது; தணிக்கையில் குற்றம் கண்டால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. வரவு செலவுப் புத்தகத்தைத் தாமே படிக்கத் தெரியாதவர், தெரிந்தும் படிக்க விடப்படாதவர், மற்றொருவர் செய்த பிழைக்கும் தாமே பொறுப்பாளியாகிறார். ஆகவே புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சகோதரிகளுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே: எந்தத் தாளையும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லாமல், அல்லது தாமே படிக்காமல், கையொப்பமிட வேண்டாம். செயலர் அவசரப்படுத்துவார்; படுத்தட்டும்.

எழுத்துக்கு ஊரில் ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்றோம். அதற்கு மிகவும் பொருத்தமானது குடிநீர்ச் சோதனை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் வழிகாட்டுதல்களில், கிராமத்திற்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியை உபயோகிக்கப் பயிற்சியளிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெட்டியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. சிறு குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டு, மாறும் நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒத்துப் பார்த்து, அளவைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஒரே நாளில் கற்றுவிடலாம்.

அதனால் அறியக் கிடைப்பவை சாமானியமானவை அல்ல. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும்; வேறு நீர் இல்லாவிடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்டால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். நாளடைவில் எலும்பும் மூட்டும் கெடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் இந்தத் துன்பத்தை நன்கறிவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே 2013-இல் செயலுக்கு வந்தது. நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. வயலில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டிய யூரியாவும், கிணற்றருகே கட்டிய கழிவுநீர்க் குழியும் அதற்குக் காரணங்கள். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும். இதைத் தாய்மார்கள் முக்கியமாக நினைவில் வைக்கவேண்டும். கிருமிகளைக் கண்டறியத் தனியே ஒரு சீசா உண்டு. அதில் நீர் நிரப்பி ஓரிரு நாள் வைத்திருந்து பார்த்தால், கறுத்துப்போனால் நீரில் மலத்தின் கலப்பு இருக்கிறதென்று கொள்ளவேண்டும். கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்தால் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் சரியாகக் கலந்திருக்கிறதென்று பொருள்.

மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் குளோரின் கலந்தேன் என்கிறார். ஊரார் கலக்கவில்லை என்கிறார்கள். முன்பெல்லாம் இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது. பெட்டி வைத்திருக்கும் ஐந்து பெண்கள் இரண்டு நிமிஷத்தில் தீர்த்துவிடுவார்கள். அதனாலேயே சில ஊர்களில் அவர்களுக்குப் பகையும் உண்டாகலாம். ஊராட்சி அவர்களைக் கைவிடாதிருக்க வேண்டும். குவாரிப் பெண்களின் கதையை நாம் மேலே விரிவாகச் சொன்னது இதற்காகவே.

நடைமுறையில் சில சங்கடங்கள் வரும். பெட்டியிலுள்ள மருந்துகளுக்குக் காலக்கெடு உண்டு. கெடு கடந்த மருந்து பொய் நிறம் காட்டும். பெட்டியைத் திறந்த தேதியை மூடியின்மேல் எழுதி ஒட்டுங்கள். தீர்ந்த மருந்தை யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதைத் தலைவரும் செயலரும் இப்போதே விசாரித்து வையுங்கள். பல ஊர்களில் பெட்டி பீரோவுக்குள் போவது இந்த ஒரு காரணத்தினாலேதான். ஐவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டாம். காலனியிலிருந்தும் கடைசிக் குக்கிராமத்திலிருந்தும் ஆள் வேண்டும், ஏனெனில் குழாயில் நீர் குறைவதும் கெடுவதும் அங்கேதான் முதலில். அவர்கள் செலவிடும் நாளுக்கு ஊதியம் உண்டா என்று கேட்பார்கள், கேட்பது நியாயம். சேவை என்ற பெயரில் பெண்களின் பொழுதை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் ஆதரிப்பதற்கில்லை. கூடுமானவரை ஒரு மதிப்பூதியத்திற்கு ஊராட்சி வழி செய்யட்டும்.

சோதனை நோட்டில் தேதி, இடம், கண்ட அளவு ஆகியவற்றோடு, எடுத்த நடவடிக்கை என்று ஒரு பத்தியும் கோடு போட்டு வையுங்கள். அந்தப் பத்தி காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும், மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுமென்று அறிவிக்கப்பட்டது. அவற்றுள் மார்ச் 22 உலக நீர் நாள். அன்றைய கூட்டத்தில் ஐவரில் ஒருவர் எழுந்து அந்த நோட்டைத் தம் குரலிலேயே படிக்கட்டும். குளோரின் தூள் வாங்கிய ரசீதுகளைத் தலைவர் கையோடு எடுத்து வருவது நல்லது, கேள்விகள் வரும்.